சண்முகத்தாய் அக்காவின் தபால் புத்தகம்

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் ஒரு கோப்பில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நம்மோடு பணிபுரிந்த அலுவலக உதவியாளர் சண்முகத்தாய் இன்று காலை காலமானார் என்று இருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள் வந்து விழுந்தன. நானும் 'ஆழ்ந்த இரங்கல்' என்று அடித்தேன். அனுப்புவதற்குள் அக்காவின் குரல் காதில் கேட்டது. 'ஆழம்னு எத வச்சு சார் சொல்லுதீய?' என்று கேட்டிருப்பார். அடித்ததை அழித்துவிட்டுச் சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

அக்கா மேலநீலிதநல்லூர் அலுவலகத்துக்கு மாற்றலாகி இரண்டு வருடங்களாக அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தார். அன்று காலையும் பேருந்துக்காக நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தொன்று சாகிற வயதே இல்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூ மார்க்கெட்டில், டீக்கடையில், எங்கள் அலுவலகத்தில் அவருடைய நோட்டில் கையெழுத்துப் போட்ட உங்கள் எல்லோருக்கும் அவரைப் பற்றி ஒரு கதை தெரியும். அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தவேண்டியவன் நான்.

கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவர் சண்முகத்தாய் அக்கா. படிப்பு எட்டாம் வகுப்பு. கோப்புகளை மேசை மேசையாக நகர்த்துவதும் உள்ளூர்த் தபால்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவதும் அவர் வேலை. கையெழுத்து வாங்காமல் அவர் ஒரு காகிதத்தையும் யாரிடமும் விட்டதில்லை. நான் அதே அலுவலகத்தில் கோப்பு எழுதும் உதவியாளர். முதுகலைத் தமிழ் படித்தவன். இது தெரியாத ஆள் அந்த அலுவலகத்தில் கிடையாது, நான்தான் சொல்லிக்கொண்டே இருப்பேனே. அக்காவும் எனக்கு 'எம்.ஏ. சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

எட்டு வருடங்களுக்கு முன் அவருடைய ஒரே மகள் கோமதி ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாமாவின் பைக்கில் திரும்பும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. திருநெல்வேலியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். புண் சீழ் வைத்து மறுபடியும் ஒரு அறுவை சிகிச்சை. ஏழு மாதம் படுக்கை என்று ஆனது. பள்ளியில் தலைமையாசிரியை, பிள்ளை இன்னொரு வருடம் ஏழாம் வகுப்பிலேயே உட்காரட்டும், ஒரு வருடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, "அவ கூட்டாளிகளோடதான் எட்டுக்குப் போவா சார்" என்றார். யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டேன். கணக்கும் அறிவியலும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் பார்த்துக்கொள்வாள், தமிழைத் தானே எடுக்கப் போவதாகச் சொன்னார். நான் சிரித்தேன்.

"நான் எட்டு, அவ ஏழு. ஒரு வகுப்பு முன்னால நிக்கேன்லா, அது போதும்" என்றார்.

செய்யுளும் உரைநடையும் எப்படியோ ஓடிவிட்டன. அணி இலக்கணத்தில்தான் வண்டி நின்றது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி என்று பெயரெல்லாம் கோமதிக்கு மனப்பாடம். ஒரு வரியைக் கொடுத்து இது என்ன அணி என்று கேட்டால் விழிப்பாள். பாடநூலில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எடுத்துக்காட்டுத்தான் இருந்தது. படுத்துக் கிடக்கிற பிள்ளைக்கு வேறு எங்கிருந்து எடுத்துக்காட்டு வரும் என்று அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு நீள நோட்டு வாங்கி, அலுவலகத் தபால் புத்தகம் மாதிரியே அதில் கட்டம் போட்டார். தேதி, சொன்னவர், சொன்னது, அணி, பெற்றுக்கொண்டவர் கையொப்பம்.

மறுநாளிலிருந்து ஊரில் யார் என்ன பேசினாலும் அக்காவின் காது அங்கே இருந்தது. பூ மார்க்கெட்டில் மாரியப்பன் அண்ணாச்சி, இன்றைக்குப் பிச்சிப்பூ கோவித்துக்கொண்ட பிள்ளை மாதிரி முகத்தைத் திறக்கமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டார். அக்கா உடனே நோட்டை நீட்டி, நீங்கள் இப்போது சொன்னதற்கு ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். அண்ணாச்சி பயந்துபோய்விட்டார். எதற்கும் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுந்துவிட்டார். பிள்ளையின் படிப்புக்கு என்று விளக்கியபிறகு, பூக்கறை படிந்த விரலால் எழுத்துக்கூட்டிப் பெயர் எழுதினார். சாயங்காலம் அந்த வரி கோமதியின் கட்டிலுக்குப் போனது. அவள் அதைப் படித்து, 'உவமை' என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் தபால் வாங்கியவர்போலக் கையொப்பம் போட்டாள். தப்பாக எழுதினால் அதே வரி மறுநாள் தபாலோடு மறுபடியும் வரும்.

ஒரு மாதத்துக்குள் எங்கள் அலுவலகமே மாறிப்போனது. இந்தக் கோப்பு மூன்று யுகமாக என் மேசையில் கிடக்கிறது என்று மேலாளர் ஒருநாள் சத்தம்போட்டார். எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். அக்கா நோட்டோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது மேலாளரின் பச்சை மைக் கையெழுத்து 'உயர்வு நவிற்சி'க்கு விழுந்திருந்தது, மேலாளரும் சிரித்துக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் ஒரு பருத்த ஒப்பந்தக்காரரைப் பார்த்து, கால் முளைத்த தேர் மாதிரியல்லவா வருகிறார் என்று சொல்லப்போக, அதற்கும் நோட்டு வந்தது. கால் முளைத்த தேர் உலகத்தில் உண்டா, இல்லாத ஒன்றை ஒப்பாகச் சொன்னால் இல்பொருள் உவமை என்று கோமதியே கண்டுபிடித்து எழுதினாளாம். அக்கா அன்று அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

இயல்பு நவிற்சிக்கு மட்டும் அவர் யாரிடமும் போகவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வது அந்த அணி. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறொன்றும் தெரியாத பிள்ளை, இன்றைக்கு வீதி எப்படி இருந்தது என்று தினமும் கேட்பாள். அக்கா அலுவலகத்திலிருந்து வீடுவரை என்ன பார்த்தாரோ அதை, கூட்டாமல் குறைக்காமல் சொல்வாராம். தறி ஓடாத வீடு எது, ரத வீதியில் எந்தக் கடை பூட்டியிருந்தது, யார் யாரோடு பேசாமல் போனார்கள் என்று எல்லாம் வரும். "உள்ளத உள்ளபடி சொல்லுததுதான் சார் இருக்கதுலயே கஷ்டமா இருக்கு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார். கேட்கும்போதே, "தெரியலன்னா பாத்துச் சொல்லுங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்பார். எனக்கு அது பிடிக்காது. எட்டாம் வகுப்புப் படித்தவர் எம்.ஏ. படித்தவனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா என்று இருக்கும். ஆனாலும் மூன்று கேள்விகளுக்குச் சரியாகவே பதில் சொன்னேன். நான்காவது கேள்வி தணிக்கைக்காரர்கள் வந்திருந்த நாளில் வந்தது. எடுத்துக்காட்டு உவமைக்கும் பிறிதுமொழிதலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

கஷ்டமான கேள்வி ஒன்றும் இல்லை. தண்ணீர் வராத குழாயை எவ்வளவு திருகினாலும் காற்றுத்தான் வரும், மனம் இல்லாத ஆளிடம் எவ்வளவு கேட்டாலும் சாக்குத்தான் வரும் என்று இரண்டையும் சொல்லி, நடுவில் 'போல' என்பதை மட்டும் விட்டுவிட்டால் அது எடுத்துக்காட்டு உவமை. குழாயைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, ஆளைப் பற்றிப் பேசாமலே கேட்கிறவருக்கு உறைக்கும்படி விட்டுவிட்டால் அது பிறிதுமொழிதல். நான் இதை அப்படியே தலைகீழாக மாற்றிச் சொன்னேன். கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

"உறுதியாத் தெரியுமா சார்? இல்ல, பாத்துச் சொல்லுதீயளா?"

"நான் எம்.ஏ. தமிழ்க்கா" என்றேன்.

அவர் போய்விட்டார். நானும் மறந்துவிட்டேன். அதன்பிறகு நடந்தவை எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தன. அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆண்டுத் தேர்வுக்கு முன் பள்ளியிலிருந்து ஒரு திருப்புதல் தேர்வுத் தாளை வீட்டுக்கே அனுப்பினார்கள். கோமதி எழுதியனுப்பினாள். திரும்பி வந்த தாளில் அந்த இரண்டு அணிகளையும் அடித்துவிட்டு, அடிப்படையே மாறியிருக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தது என்று தமிழாசிரியை எழுதியிருந்தார். தலைமையாசிரியைக்கு அது போதுமானதாக இருந்தது. இதற்காகத்தான் அப்போதே சொன்னேன், ஏழாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கோமதி அன்று சாப்பிடவில்லை, நோட்டைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போனார். பிள்ளை தன் பக்கம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், சொல்லிக்கொடுத்தது நான், தப்பு என்னுடையது என்றார். பதினைந்து நாள் கொடுங்கள், நீங்களே வீட்டுக்கு வந்து கேளுங்கள், அவள் சொல்லாவிட்டால் நானே ஏழாம் வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைக்கிறேன் என்றும் சொன்னார். தமிழாசிரியை சம்மதித்துத் தலைமையாசிரியையிடமும் பேசினார். அக்கா அங்கிருந்து நேராக நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தனக்கு விளங்குகிறவரை படித்தார்.

நோட்டில் பதினேழு வரிகள் அணி மாறிப் பதிவாகியிருந்தன. வேறொருவராக இருந்தால் ரப்பரை எடுத்திருப்பார், இல்லையென்றால் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதியிருப்பார். அரசு அலுவலகத்தில் பதிவேட்டை அப்படித் திருத்தக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் சுருக்கொப்பம் இடவேண்டும். அக்காவுக்கு வீட்டு நோட்டுக்கும் அதே சட்டம்தான். அந்தப் பதினேழு வரிகளையும் சொன்னவர்களைத் தேடிக்கொண்டு அவர் ஊரெல்லாம் மறுபடி நடந்தார். ராயகிரிக்குப் போகும் பேருந்தின் நடத்துநரிடம் ஒரு சுருக்கொப்பத்துக்காக இரண்டு நாள் பேருந்து நிலையத்தில் காத்திருந்தாராம்.

பிற்பாடு சொன்ன ஒரு வரிக்காக மறுபடியும் நோட்டு வந்ததும் மாரியப்பன் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "நான் சொன்னது சொன்னதுதான் தாயி. அத நீ எந்த டப்பாவுல போட்டா எனக்கென்ன?" என்று கேட்டாராம்.

"தபால் வேற வீட்டுக்குப் போயிருச்சுன்னா, கொடுத்தவுகளுக்குத் தெரியாண்டாமா அண்ணாச்சி?" என்றாராம் அக்கா.

அந்த நாட்களில் ஒரு காலை வேளையில் அவர் என் மேசைக்கும் வந்தார். தண்ணீர்த் தம்ளரை வைத்துவிட்டு, "சார், பஸ் ஸ்டாண்டுல ராயகிரி வண்டியில கரிவலம் போர்ட மாட்டி வச்சிருந்தாவ. ஏறுனவுக என்ன செய்வாவ, பாவம். மாட்டுதவரு ஒரு தடவ ஏறிட்டுப் பாத்துருக்கலாம்" என்றார்.

"ஒரு புகார் எழுதிப் போடுங்கக்கா" என்றேன்.

சரி சார் என்று சொல்லிவிட்டுக் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

பதினைந்தாம் நாள் தமிழாசிரியை வீட்டுக்கு வந்தார். நோட்டைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். கோமதி ஒன்றும் விடாமல் சொன்னாள். ஏப்ரலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினாள். அத்தனை பாடுபட்ட அந்த இரண்டு அணிகளையும் கேள்வித்தாளில் கேட்கவே இல்லை. இயல்பு நவிற்சியைத்தான் கேட்டிருந்தார்கள். ஜூனில் அவள் கூட்டாளிகளோடு எட்டாம் வகுப்புக்குப் போனாள்.

அக்கா அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். நோட்டையும் பெருமையோடு காட்டி, அதில் சிவப்புக் கோடு விழுந்த கதையைத் தன் தப்பாகவே சொன்னார். நான் முதல் பக்கங்களைப் புரட்டினேன். அங்கே ஒவ்வொரு அணிக்கும் விளக்கம் எழுதி, பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்று குறித்திருந்தார். மூன்று இடங்களில் 'எம்.ஏ. சார்' என்று இருந்தது. நான்காவதாக, சிவப்புக் கோடு போட்ட அந்த விளக்கத்தைத் தேடினேன். பக்கத்தில் 'அம்மா' என்று இருந்தது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. யாருடைய பேருந்து, யார் மாட்டிய பலகை என்பதும் விளங்கியது. விஷயத்தைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லி என் மேசைக்கு முன்னாலேயே ஒரு பிறிதுமொழிதலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தமிழ் படித்த நான் அதற்குப் புகார் எழுதச் சொல்லியிருக்கிறேன். லட்டு வாயில் இருந்தது. அக்கா எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மேலாளர் கூப்பிட்டார், எழுந்து போய்விட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளியது எட்டு வருடம் ஆகிவிட்டது. அக்கா கடைசிவரை என்னிடம் சந்தேகம் கேட்பதை நிறுத்தவில்லை. அது எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை அவரிடம் சொன்னதே இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். கோமதிக்கு இப்போது இருபது வயது, திருநெல்வேலியில் கல்லூரியில் வணிகவியல் கடைசி வருடம். நடக்கும்போது கால் லேசாகச் சாயும், அவ்வளவுதான். சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு அந்த இரண்டு அணியும் எப்போதும் மாறிவிடும், அதைச் சொல்லியே அவரைக் கேலி செய்வேன், ஆனால் தப்பு என்று தெரிந்ததும் பள்ளிக்குப் போய்த் தன் தப்பு என்று நின்றாரே, அதுதான் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் என்றாள். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். மாரியப்பன் அண்ணாச்சி தலையாட்டினார். ஊரெல்லாம் தெரிந்த கதை அது.

அந்தக் கதையை நான் அப்படியே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டியவரும் போய்விட்டார். ஆனால் அந்தப் பிள்ளை அம்மாவைக் கேலி செய்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"கோமதி, அம்மா மாத்திச் சொல்லலம்மா. நான்தான் மாத்திச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கு அது தெரியும்."

"எட்டு வருசமாக் கேலி பண்ணிருக்கேன் சார்" என்றாள். "அதுக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தாவ." அவள் உள்ளே போய் அந்த நோட்டையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, அம்மா போட்ட சட்டப்படியே திருத்துங்கள் என்றாள். 'அம்மா' என்பதன் மேல், எழுத்து மறையாதபடி ஒரு கோடு போட்டேன். மேலே என் முழுப் பெயரை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இட்டேன். எம்.ஏ. என்று எழுதவில்லை.

நோட்டை மூடப் போனேன். அவள் தடுத்து, கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திருப்பினாள். அக்காவின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே ஒரு வரி தனியாக இருந்தது. சொன்னவர்: அம்மா. சொன்னது: ராயகிரி வண்டியில் கரிவலம் போர்டு மாட்டினால் ஏறுகிறவர்கள் என்ன செய்வார்கள், மாட்டுகிறவர் ஒரு தடவை பார்த்திருக்கலாம். அணி என்ற கட்டமும் கையொப்பக் கட்டமும் காலியாகக் கிடந்தன.

"இத நான் எழுதுதேன்னு எத்தனையோ தடவ கேட்டேன் சார். விடவே இல்ல. இது உனக்கு வந்த தபால் இல்ல, வேற ஆளுக்கு வந்தது, அவரு ஒருநா வந்து வாங்கிக்கிடுவாருன்னு சொல்லிட்டாவ."

சண்முகத்தாய் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வழக்கம். இப்போது யார் என்ன கேட்டாலும், தெரிந்ததாகவே இருந்தாலும், பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன், புத்தகத்தை எடுத்துப் பார்க்கவும் செய்கிறேன். வேலையில் இருக்கும்வரைக்கும் அதற்குப் பிறகும் அதை விடப்போவதில்லை. அன்று அந்த வீட்டில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, காலிக் கட்டத்தில் 'பிறிதுமொழிதல்' என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.